கால் வரைக்கும் ஒரு சட்டை

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மூன்று நாள் வெளியூர் போய் வந்தேன். பொம்மிடி, பிறகு அரூர். தூரம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். ஆனாலும் எனக்கு அது பெரிய பயணம். நான் போட்டுக்கொண்டு போன உடுப்பு அப்படி.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு மாரண்டஹள்ளி. மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன் டெம்போவிலிருந்து பெட்டி இறக்கும்போது கீழே விழுந்தேன். இடது தோள் எலும்பு நகர்ந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். கை நெஞ்சு உயரம் வரை வரும். அதற்கு மேல் போகாது, பின்னாலும் போகாது. வேலைக்கு அது தடை இல்லை. தக்காளி கீழேதான் கிடக்கிறது.

தடை புடவைக்கு. கொசுவம் வைக்க ஒரு கை போதாது. முந்தானையைத் தோளில் போட்டுப் பிடிக்க முடியாது. ஜாக்கெட் கை சிக்கினால் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மகள் ஜெனிபர் தினமும் கட்டிவிடுவாள். அவள் இல்லாத நாளில் வீட்டுக்குள் நைட்டியில் கிடப்பேன். அதைத் தலை வழியாக மாட்டுவதற்கே கால் மணி நேரம் ஆகும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அரூரில் அண்ணன் மகள் கல்யாணம். அண்ணி பிலோமினா, அத்தைமார் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் பட்டுப் புடவை எடுத்தாள். மயில் கழுத்து நிறம். ஜாக்கெட்டும் அவளே தைக்க வைத்து அனுப்பினாள். கை முழுக்க ஆரி வேலை, முதுகில் கொக்கி, கொக்கிக்கு மேலே நாடா, நாடா முனையில் குஞ்சம். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆசையாகத்தான் செய்தாள். என் கை இப்படி என்று வீட்டுக்கு வெளியே நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரும் ஜெனிபரும் முந்தின நாளே போய்விட்டார்கள். எனக்கு மண்டியில் லோடு இருந்தது. விடிந்ததும் யாரையாவது கட்டிவிடச் சொல்லி வருகிறேன் என்றேன். காலையில் யாரையும் கேட்க மனசு வராமல் தனியாக அந்த ஜாக்கெட்டைப் போட்டேன். இடது கை முழங்கைக்கு மேலே சிக்கிக்கொண்டது. இழுத்தேன். அக்குளில் தையல் விட்டது. அப்போதும் வரவில்லை. பாதி போட்ட ஜாக்கெட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்கிற கடைசி பஸ்ஸும் போன பிறகு போன் போட்டு, காய்ச்சல் என்று சொன்னேன்.

காய்ச்சல் இல்லை என்று அண்ணிக்கு எப்படியோ தெரிந்தது. மறுநாள் மண்டியில் என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து பேச்சு இல்லை. போட்டோவில் இரண்டு அத்தைமார்தான். அண்ணனும் இரண்டு வருஷமாக எங்கள் வாசலுக்கு வரவில்லை.

இப்போது ஜெனிபருக்குக் கல்யாணம். மாதா கோயிலில் இரண்டு வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மாமன் மாலை போட்டுத்தான் பெண் கோயிலுக்குப் புறப்பட வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான். ஜெனிபர் கவுன் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "மாமா வரணும்மா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்காரர் ஓசூர் பக்கம் பத்திரிகை வைக்கப் போனார். என் பக்கத்து ஆட்களுக்கு நான் போக வேண்டும். இரண்டு ராத்திரி வெளியே தங்கல். ஒவ்வொரு காலையிலும் ஒருத்தர் முன்னால் நின்று புடவை கட்டிவிடச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை. டெய்லர் சாந்தியிடம் போனேன்.

"நைட்டியாக்கா?"

"நைட்டி இல்ல. வெளிய போறதுக்கு."

"சுடிதாரு?"

"தலை வழியா மாட்ட முடியாது."

"அப்ப என்னாதான்க்கா வேணும்?"

யோசித்துச் சொன்னேன். "சட்டை. கால் வரைக்கும்."

சாந்தி சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அளவு எடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்லவில்லை. பூப்போட்ட துணி வேண்டாம், பூப் போட்டால் நைட்டி ஆகிவிடும் என்றாள். செங்கல் நிறத்தில் பருத்தித் துணி. காலர். கழுத்திலிருந்து முட்டிக்குக் கீழே வரை பெரிய பட்டன். தொளதொளவென்று கை. வலது பக்கம் ஒரு பாக்கெட், அது நான் கேட்காமல் அவள் வைத்தது.

கெட்ட கையை முதலில் விட வேண்டும். நல்ல கை பின்னால். பட்டனை ஒரு கையால் போடலாம். எண்ணிப் பார்த்தேன், ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறை நானே வெளியே போக உடுத்தினேன்.

துண்டு போடவில்லை. மேலே துண்டு போட்டால் அதுவும் நைட்டி ஆகிவிடும்.

பையில் பத்திரிகைக் கட்டு. அதன் அடியில் அந்த மயில் கழுத்துப் புடவையும் கிழிந்த ஜாக்கெட்டும். திருப்பிக் கொடுக்க இல்லை. எனக்குச் சொல்லத் தெரியாது. காட்டலாம் என்று எடுத்து வைத்தேன்.

*

பஸ் ஸ்டாப்பிலேயே ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையும் ஓடும். எனக்கு மண்டிக் கன்னடம் நன்றாக வரும். அது அவர்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி உடுப்பு மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. பைத்தியம் தெளிந்து அனுப்பியிருப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. மண்டியில் பார்த்த முகம், பாவம் என்றாள் முதலாமவள்.

நான் கன்னடத்திலேயே சொன்னேன். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று. இருவரும் பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்தார்கள். பஸ் அந்தப் பக்கம் வராது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூட்டம் நிற்க இடமில்லாமல் இருந்தது. ஏறியதும் கண்டக்டர், "பேஷண்ட்டுக்கு எடம் வுடுங்கம்மா" என்று சத்தம் போட்டார். காலேஜ் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். நான் பேஷண்ட் இல்லை என்று சொல்லலாம். நின்றுகொண்டு போவது யார். உட்கார்ந்தேன். தர்மபுரி வந்ததும் கண்டக்டர் என் பக்கம் குனிந்து, "ஜி.ஹெச் போறதுன்னா இங்கயே இறங்கிக்குங்க, ஸ்டாண்டுக்குப் போனா திரும்ப நடக்கணும்" என்றார். நல்ல மனுஷன்.

உட்கார்ந்து வருகிறபோது ஒன்று யோசித்தேன். மண்டியிலும் காட்டிலும் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் புடவைக்கு மேலே ஆண் சட்டை போடுகிறோம். வீட்டுக்காரர் சட்டை, மகன் சட்டை. அழுக்குக்கும் வெயிலுக்கும் அதுதான் வசதி. அதை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அதே சட்டையைக் கால் வரை நீட்டினால் கேட்கிறார்கள். வேலைக்கு என்றால் சரி, ஊருக்கு என்றால் தப்பு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

*

பொம்மிடியில் என் அக்கா லூர்து இருக்கிறாள். வீடு தண்டவாளத்தை ஒட்டி. அந்தத் தெருவில் ஒரு பழக்கம். ரயில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து பேசுவார்கள். பாதிச் சண்டையில் ரயில் வந்து, போன பின் மீதிச் சண்டை நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் தெருமுனையில் திரும்பும்போது அக்கா குழாயடியில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். என் உடுப்பைப் பார்த்தாள். கையில் இருந்த குடத்தை விட்டுவிட்டாள்.

எங்கள் பக்கம் பெண்கள் நைட்டியோடு பஸ் ஏற மாட்டார்கள். ஏறினால் அதற்கு இரண்டு காரணம்தான். ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சாவு. கட்டிய துணியோடு ஓடி வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தூரத்தில் என் சட்டை அவளுக்கு நைட்டியாகத் தெரிந்திருக்கிறது.

"ஐயோ சேசுவே, யாருடி போயிட்டாங்க? உங்க வூட்டுக்காரரா?"

"இல்லக்கா..." என்றேன். அப்போது கூட்ஸ் வண்டி வந்தது.

நீளமான வண்டி. நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், எதிர்வீட்டுக்காரி வந்தாள். ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி என் தலையைத் தடவினாள். ஒரு பெரியவர் பெஞ்சை எடுத்து வெளியே போட்டார். பெட்டி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துத் தலைக்கு மேலே காட்ட நினைத்தேன். இடது கையில் பை, வலது கையை அக்கா பிடித்திருந்தாள்.

வண்டி போனது.

"ஜெனிபருக்குக் கல்யாணம்க்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்தாள். என்னைத் தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு ஏன்டி இப்படி வந்த? பாவி, இப்ப எங்க உசுருதான் போயிருக்கும்."

பெஞ்சைப் போட்ட பெரியவர் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். "எடுத்துப் போட்டது வீணாவாம டீயாச்சும் குடுங்க" என்றார். எல்லாருக்கும் டீ வந்தது. சாவுக்குக் கூடியவர்கள் அத்தனை பேருக்கும் பத்திரிகை வைத்தேன். கணக்கில் இல்லாத எட்டுப் பத்திரிகை.

சாயங்காலம் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊர்க் களியை விட இளக்கம். பொம்மிடி வெயிலுக்கு அப்படித்தான் கிண்டுவாளாம். சாப்பிடும்போது அக்கா பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு அரூருக்கும் இப்படியேவா போவப்போற?"

"ஆமா."

"அண்ணி வாசல்லயே நிறுத்திடுவா. அவளுக்குப் புடவைன்னா உசுரு. அன்னிக்கு நீ வரலன்னு சொன்னதும் எங்க ரெண்டு பேரயும் நிக்க வெச்சு, பக்கத்துல உனக்கு எடம் வுட்டுத்தான் போட்டோ எடுக்கச் சொன்னா, தெரியுமா? கடைசி வரைக்கும் வருவேன்னு பார்த்தா."

எனக்குத் தெரியாது.

"உன் கைக்கு முடியலன்னா நான் கட்டிவுடறேன். என் புடவை ஒண்ணு கட்டிட்டுப் போ. போயி மன்னிப்புக் கேளு. மாமன் வரலன்னா அந்தப் புள்ளைக்கு மொகமே இருக்காது."

அவள் சொன்னது நியாயம். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அக்கா கட்டிவிட்டால் அரூர் வாசல் வரை போகலாம். பஸ்ஸில் முந்தானை நழுவினால் யார் எடுத்துப் போடுவது. அங்கே தங்கினால் மறுநாள் யார் கட்டுவது. அப்போது மறுபடி ஒரு காய்ச்சல் சொல்ல வேண்டும். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யைக் கட்டிக்கொண்டு போவதா. எழுந்து அக்காவின் நைட்டிக்கு மாறி, சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பருத்தி, விடிவதற்குள் காய்ந்துவிட்டது.

காலையில் அக்கா புடவையோடு வந்தாள். நான் பட்டனைப் போட்டு முடித்திருந்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரயில் வந்தது. போன பிறகு, "சரி, பத்திரமா போ" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்திருப்பாள்.

*

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி பஸ் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் சரியில்லை என்றார் டிரைவர். ரோட்டோரப் புளியமரத்தடியில் எல்லாரும் நின்றோம். நல்ல வெயில். மாங்காய் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வந்தது. பின்னால் பாதி காலி. அரூர் போகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்றான் ஓட்டுகிறவன்.

நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் காலை வைத்து ஏறிவிட்டேன். ஒன்றும் தடுக்கவில்லை. கீழே ஒரு பெண் நின்றாள். என்னை விடச் சின்னவள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. ஏதோ புது வீடு புகுவிழாவுக்குப் போகிறாள். காலைத் தூக்கினால் கொசுவம் வருகிறது, கொசுவத்தைப் பிடித்தால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை ஏறப் பார்த்து இறங்கினாள்.

"அக்கா, ஊக்கு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. புடவை கட்டினாத்தான ஊக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "எம்மேல பதினோரு ஊக்கு இருக்குதுங்க. எதக் கழட்டினா எது வுழும்னு எனக்கே தெரியல." போனை என்னிடம் நீட்டினாள். "இதக் கொஞ்சம் புடிங்க." நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நல்ல கையைக் கொடுத்து இழுத்தேன். ஏறி மாங்காய் மேலேயே உட்கார்ந்தாள்.

"பாக்கெட் வேற இருக்குது" என்று என் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க வாங்குனீங்க?"

"தைச்சது."

"நாங்கூட வூட்ல இப்படித்தான் இருக்க ஆசப்படறேன். மாமியா வுடாது." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "எங்க போறீங்க?"

"அண்ணன் வூட்டுக்கு. மகளுக்குப் பத்திரிகை வைக்க."

அவள் முகம் மாறியது. "இப்படியேங்களா?"

அதற்குள் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். என் பாக்கெட்டில் மணி அடித்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அரூர் வரை மாங்காய் வாசனை. எங்கள் ஊர்க் காற்றில் தக்காளிதான் இருக்கும்.

*

அண்ணன் சவரிமுத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவைத் திறந்தாள். வீட்டிலேயே இஸ்திரி போட்ட புடவை கட்டியிருப்பாள், முந்தானை மடிப்புக் கலையாது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சாவு என்றோ ஆஸ்பத்திரி என்றோ அவள் நினைக்கவில்லை. மரியாதை இல்லாமல் வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அவள் கண்ணில் தெரிந்தது.

"வா" என்றாள். 'வா' என்றால் எதிரில் இருக்கிற நாற்காலி வரைக்கும்தான்.

பத்திரிகையைத் தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. டி.வி.யைப் பார்த்தார். தட்டு பாரமில்லை, ஆனால் நீட்டிய கை வலித்தது. டி.வி. மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணிதான் பேசினாள். "அண்ணன் வூட்டுக்குப் பத்திரிகை வைக்க வர்றவ இப்படித்தான் வருவாளா? ஒரு புடவை கெடைக்கல உனக்கு? அன்னிக்கும் எடுத்துக் குடுத்தத கட்ட மனசில்ல. இன்னிக்கும் நைட்டியில வந்து நிக்கற. எங்கள என்னான்னு நெனச்சிட்டிருக்க?"

"நைட்டி இல்லீங்கண்ணி."

"பின்ன என்னா இது?"

"சட்டை."

அண்ணன் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பையைத் திறந்து மயில் கழுத்துப் புடவையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதன் மேல் ஜாக்கெட்டை வைத்தேன். அண்ணி முகம் கறுத்தது. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். ஜாக்கெட்டைத் தள்ளிவிடக் கையில் எடுத்தாள். அக்குளில் தையல் பிரிந்து தொங்கியது. அவள் விரல் அதன் வழியாக வெளியே வந்தது.

"இது எப்ப கிழிஞ்சது?"

"அன்னிக்குக் காலையில."

அண்ணி என்னைப் பார்த்தாள். "கைய தூக்கு" என்றாள்.

இடது கையைத் தூக்கினேன். நெஞ்சு வரை வந்து நின்றது.

"இன்னும் தூக்கு."

"அவ்வளவுதாங்க."

அண்ணன் டி.வி.யை அணைத்துவிட்டார். வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். அண்ணி அந்த ஜாக்கெட்டைத் திருப்பி முதுகுக் கொக்கியைத் தொட்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாடாவைத் தொட்டாள், குஞ்சத்தைத் தொட்டாள்.

"முதுகுல வெக்கச் சொன்னது நான்தான்" என்றாள். "டெய்லரு முன்னால வெக்கறேன்னான். பழைய மாடலுன்னு நான்தான் திட்டினேன்."

ஜாக்கெட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு நானே வந்திருப்பேன்டி."

அவள் என்னை 'டி' போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எழுந்து உள்ளே போனாள். போகும்போது அண்ணனிடம், "பத்திரிகைய எடுங்க, என்னா பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

அண்ணன் எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். தாய்மாமன் என்ற இடத்தில் விரல் நின்றது.

"எங்க பேரு போட்டிருக்குது."

"போடாம?"

"நான் வர மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"பேரு இருந்திருக்கும்ணா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணி கோழி அடித்தாள்.

*

மறுநாள் காலையில் நான் உடுத்தும்போது அண்ணி பக்கத்தில் நின்று பார்த்தாள். கெட்ட கை முதலில், நல்ல கை பின்னால், பட்டன். பார்த்து முடித்ததும் சொன்னாள். "கழட்டு."

"எதுக்குங்கண்ணி?"

"பொண்ணோட ஆத்தா நீ. கல்யாணத்தன்னிக்கு என்னா போடுவ?"

"இதே மாதிரி இன்னொண்ணு தைக்கலாம்னு இருக்கேன்."

"நான் தைக்கக் குடுக்கறேன். அந்தப் பட்டுல. பார்டரு கால்கிட்ட வர்ற மாதிரி. பட்டன் முன்னால, கை தொளதொளன்னு." மயில் கழுத்துப் புடவையைக் கட்டில் மேல் விரித்து வைத்திருந்தாள். "ஆனா எங்க டெய்லருக்கு வாயில சொன்னா புரியாது. அளவுக்கு ஒண்ணு குடுத்தாத்தான் தைப்பான். இத குடுத்துட்டுப் போ."

"இதக் குடுத்துட்டு நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது?"

அதை அண்ணி யோசிக்கவில்லை. அவள் ஜாக்கெட் எனக்குச் சேராது. கிழிந்தது போட முடியாது. நான் வேறு உடுப்பு கொண்டு வரவில்லை. டெய்லர் இன்று அளவெடுத்துத் திருப்பித் தருவானா என்று கேட்டேன். முகூர்த்த நாள், திங்கள்கிழமைக்கு முன் அவன் துணியைத் தொட மாட்டானாம். கல்யாணம் புதன்கிழமை.

அண்ணி பீரோவைத் திறந்தாள். மடித்து வைத்த புது நைட்டி ஒன்றை எடுத்தாள். மஞ்சளில் பெரிய பெரிய ரோஜாப்பூ. தோளுக்குப் போட ஒரு துண்டும் எடுத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள்.

நைட்டி தலை வழியாக மாட்டுவது. எனக்குக் கால் மணி நேரம் ஆகும் என்று சொன்னேன். "நில்லு" என்றாள். கெட்ட கையை அவளே பிடித்து மெதுவாக உள்ளே விட்டாள். துணி மூக்கில் பட்டது. உள்ளே இருட்டாக, பீரோ வாசனையாக இருந்தது. மூன்று வருஷமாக ஜெனிபரைத் தவிர யாரையும் உடுத்த விட்டதில்லை. அதுவும் வேறு வழி இல்லாமல். இன்று விட்டேன். தலை வெளியே வந்ததும் முடியை ஒதுக்கிவிட்டாள்.

அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரூர் கடைத்தெரு. அவரைத் தெரிந்தவர்கள் நிறைய. ரோஜாப்பூ நைட்டியும் துண்டுமாக நான் பக்கத்தில். அவர் முன்னால் போகவும் இல்லை, பின்னால் தங்கவும் இல்லை. ஒருவர் நிறுத்தி, "யாருங்க?" என்று கேட்டார். "என் தங்கச்சி. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. நான்தான் மாமன்" என்றார். கேட்டவர் ஒன்றுதான் கேட்டார். அண்ணன் மூன்று சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மெதுவாக, "யாருங்க தவறினது?" என்றாள். யாரும் இல்லீங்க என்றேன். அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தர்மபுரியில் இறங்கும்போது ஒரு மாம்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். பாக்கெட் இல்லாத உடுப்பு, கையிலேயே வைத்திருந்தேன்.

மூன்று நாளாக யோசித்தது இதுதான். உடுப்பு நம்மை முந்திக்கொண்டு பேசிவிடுகிறது. நாம் வாயைத் திறப்பதற்குள் பேஷண்ட் என்கிறது, சாவு என்கிறது, மரியாதை இல்லை என்கிறது. அதைத் தடுக்க முடியாது. ஆனால் நான் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தால் என் கையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். லேசான உடுப்பில் மறைக்க இடம் இல்லை.

மாரண்டஹள்ளி வந்தபோது மண்டி முடிகிற நேரம். வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். எதிர்ப்பக்கம் லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து நைட்டியும் துண்டுமாக இறங்குகிற என்னைப் பார்த்தார். முந்தாநாள் போன பெண்டாட்டி வேறு, வருகிறவள் வேறு. செங்கல் சட்டை இல்லை. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றேன். "அண்ணன் வர்றாரு."